கோதுமைக்குள் விதைத்தது எந்தக் களை?

கேள்வி: மத்தேயு 13-ஆம் அதிகாரத்தில், சத்துரு வந்து கோதுமைக்குள் 'களைகளை' விதைத்தான் என்று வாசிக்கிறோம். கிரேக்க மூலத்தில் அது குறிப்பிட்ட ஒரு செடியா? களையெடுப்பது வழக்கமான வயல்வேலைதானே, எஜமான் ஏன் தடுத்தார்?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: குறிப்பிட்ட ஒரு புல்தான். மூலத்தில் உள்ள சொல் 'ஸிஸானியா'. புதிய ஏற்பாட்டிலேயே இந்த உவமையிலும் அதன் விளக்கத்திலும் மட்டும்தான் வருகிறது, 8 முறை. தியோபிராஸ்டஸ் முதலிய கிரேக்க ஆசிரியர்கள் இந்தப் புல்லை 'ஐரா' என்றார்கள். மத்தேயுவின் சொல்லுக்கு உறவு பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் 'ஸூனின்', அரபியின் 'ஸுவான்'. தாவரவியல் பெயர் லோலியம் டெமுலென்டம், ஆங்கிலத்தில் டார்னல்.

இளம்பயிராக இருக்கும்போது கோதுமையிலிருந்து இதைப் பிரித்தறிவது கடினம். இலை சற்றுக் குறுகல், அவ்வளவுதான். நெல்வயலில் குதிரைவாலிப் புல் ஏமாற்றுவது போலத்தான். கதிர் வந்ததும் குட்டு உடைந்துவிடும்: கோதுமையில் சிறுகதிர்கள் தண்டோடு அகலப்பக்கம் ஒட்டி நெருக்கமாக அடுக்கியிருக்கும், டார்னலில் விளிம்புப்பக்கம் ஒட்டி, இடைவெளி விட்டு மெலிந்து நிற்கும். 26-ஆம் வசனம் 'பயிரானது வளர்ந்து கதிர்விட்டபோது, களைகளும் காணப்பட்டது' என்பது அந்தக் கட்டத்தைத்தான்.

அதற்குள் காலம் கடந்திருக்கும். இரண்டின் வேரும் மண்ணுக்குள் பின்னிக் கிடக்கும். ஒன்றை இழுத்தால் மற்றதும் வரும். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் கையால் பிடுங்கிவிடலாம். வயல் முழுக்கத் தூவப்பட்டிருந்தால் மணி முற்றாத கோதுமை பாழாகும். அறுப்புவரை விட்டுவைக்க எஜமான் சொன்னது அதனால்தான். அறுப்பின்போது அந்தக் கவலை இல்லை. வேரோடு வந்தாலும் மணி கையில் இருக்கிறது.

'நல்ல விதையை விதைத்தீர் அல்லவா?' என்று வேலைக்காரர் கேட்பதைப் பலர் வேகமாகக் கடந்துபோகிறார்கள். பண்ணையாட்கள் கேட்க வேண்டிய சரியான கேள்வி அது. டார்னல் விதை மண்ணில் நெடுங்காலம் உயிரோடு கிடப்பதில்லை. பெரும்பாலும் விதைக்கோதுமையோடு கலந்துதான் அடுத்த பருவத்துக்குப் போகிறது. ஆகவே களை மண்டினால் சந்தேகம் முதலில் விதைக்கூடையின் மேல்தான் விழும்.

அறுப்பின்போது முதலில் களைகளைக் கட்டுகளாகக் கட்டி எரிக்க எஜமான் சொன்னதற்கும் காரணம் உண்டு. டார்னல் மணி கோதுமைமணியை விடச் சற்றுச் சிறியது, எடை குறைவு. ஆனால் களத்தில் அடித்துக் கலந்துவிட்டால், தூற்றியும் சலித்தும் முழுவதும் நீக்க முடியாது. மாவில் சேர்ந்தால் தலைசுற்றல், தள்ளாட்டம், பார்வை மங்கல், வாந்தி. 'டெமுலென்டம்' என்றால் குடிவெறி கொண்டது. புல்லுக்குள்ளேயே வாழும் ஒரு பூஞ்சையோடு இந்த நஞ்சைத் தொடர்புபடுத்துகிறார்கள். ஆகையால் களத்துக்கு வருமுன், கதிராக நிற்கும்போதே பிரிப்பதுதான் பாதுகாப்பு.

பகைவன் விதைப்பதும் வெறும் கற்பனை அல்ல. அடுத்தவர் பயிரில் லோலியம் அல்லது காட்டு ஓட்ஸ் தூவிக் கெடுப்பவன்மேல் வழக்குத் தொடரலாம் என்று ரோமச் சட்ட அறிஞர் செல்சஸ் கருதினார். கி.பி. 533-இல் வெளியான பேரரசர் ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பில் அது இருக்கிறது.

கேள்வி: ஓய்வுநாள் பள்ளிப் பாடத்துக்காக 'ஸிஸானியா' என்று இணையத்தில் தேடினால் தண்ணீரில் நிற்கும் நெல் போன்ற புல் வருகிறதே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அந்தப் படத்தைப் பயன்படுத்த வேண்டாம். லின்னேயஸ் 18-ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்கக் காட்டரிசிக்கு இந்த விவிலியப் பெயரைச் சூட்டினார். அது உண்ணக்கூடிய நீர்த்தாவரம், கலிலேயா வயல்களோடு தொடர்பே இல்லை. 'லோலியம் டெமுலென்டம்' என்று முழுப்பெயர் கொடுத்துத் தேடுங்கள். லோலியம் என்று மட்டும் போட்டால் மாட்டுத்தீவனமான ரைகிராஸ் வந்துவிடும். கதிர்விட்ட படமாகப் பார்த்து, பக்கத்திலேயே கோதுமைக்கதிர் ஒன்றையும் வைத்துக் காட்டுங்கள்.