சோடியம் ஏன் தன் எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுக்கிறது? கொடுப்பதால் அதற்கு என்ன லாபம்?

செல்லூரில் வீட்டு மாடியில் பத்து வருடமாக டியூஷன் எடுக்கிறேன். அதில் பாதிக் காலம் இந்தக் கேள்விக்குத் தப்பாகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். "சோடியம் கர்ணன் மாதிரி, கேட்டதும் கொடுத்துவிடும். குளோரினுக்கு ஒன்று குறைகிறது, வாங்கிக்கொள்ளும்" என்பேன். பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வார்கள். ஒரு நாள் ஒரு பெண் கேட்டாள்: "கர்ணன்னா, இன்னொன்னு கேட்டாலும் குடுக்குமா சார்?"

அன்று ராத்திரிதான் புத்தகத்தை ஒழுங்காகப் புரட்டினேன்.

சோடியத்துக்கு 11 எலக்ட்ரான்கள், கருவைச் சுற்றி அடுக்கடுக்காக: 2, 8, 1. கடைசியில் தனியாக நிற்கும் அந்த ஒன்றைக் கருவின் இழுப்பிலிருந்து உள்ளே இருக்கும் பத்தும் மறைக்கின்றன. அதனால் பிடி கொஞ்சம் தளர்வு. ஆனாலும் சும்மா வந்துவிடாது. வாயு நிலையில் ஒரு மோல் (அணுக்களை எண்ணும் ஒரு பெரிய அளவு, டஜன் மாதிரி) சோடியத்திலிருந்து அதைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவாகும். இரண்டாவதைக் கேட்டால் 4,562! கர்ணன் கதை அங்கேயே படுத்துவிட்டது.

குளோரினுக்கு 17: 2, 8, 7. ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் மோலுக்கு 349 கிலோஜூல் வெளிவரும். சரி, கணக்குப் போடுங்கள். செலவு 496, வரவு 349, கையை விட்டுப் போவது 147. தள்ளித் தள்ளி நிற்கும் இரண்டு அணுக்கள் எலக்ட்ரானைக் கைமாற்றிக்கொள்வது சுத்த நஷ்ட வியாபாரம். "கடைசி அடுக்கில் எட்டு ஆக வேண்டும் என்று அணு ஆசைப்படுகிறது" என்று எழுதுகிறோமே, அணுவுக்கு ஆசையும் கிடையாது, எண்ணவும் தெரியாது.

லாபம் அப்புறம்தான் வருகிறது. எலக்ட்ரானை இழந்த சோடியம் நேர்மின் அயனி, வாங்கிய குளோரின் எதிர்மின் அயனி, அதாவது குளோரைடு; இரண்டும் இழுத்துக்கொள்கின்றன. அதுவும் ஜோடி ஜோடியாக இல்லை. ஒவ்வொரு சோடியம் அயனியையும் சுற்றி ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடையும் சுற்றி ஆறு சோடியம். இப்படி அடுக்கி உட்காரும்போது மோலுக்கு 787 கிலோஜூல் வெளிவருகிறது. பாடத்தில் படிகக்கூடு ஆற்றல் என்று வருவது இதுதான். சோடியம் உலோகத்திலிருந்து அணுக்களைப் பிரிக்க 108, அரை மோல் குளோரின் மூலக்கூறை உடைக்க 121, பழைய நஷ்டம் 147 எல்லாம் கழித்தாலும் 411 மிச்சம். நம் பக்கத்து மொய் மாதிரி: கைக்காசைப் போட்டு எழுதியது, விசேஷத்தன்று ஊரே கூடும்போது திரும்புகிறது.

ஆக, எலக்ட்ரான் இடம் மாறுவது முன்பணம். அதன் பிறகு சுற்றிலும் உள்ள அயனிகள் இழுத்துப் பிடிப்பதைத்தான் அயனிப் பிணைப்பு என்கிறோம். எந்தச் சோடியம் எந்தக் குளோரினுக்குக் கொடுத்தது என்று படிகத்துக்குள் போய் விசாரித்தால் பதில் கிடைக்காது. கரும்பலகையில் அம்புக்குறி போட்டு வரையும் ஜோடி, தேர்வுத் தாளுக்கு மட்டும்.

மறுநாள் அந்தப் பெண்ணுக்குக் காட்ட அடுப்படியிலிருந்து தூத்துக்குடிக் கல்லுப்பு எடுத்து வந்தேன். இருப்பதில் பெரிய கல்லாகப் பொறுக்கி, மேலே கத்தி விளிம்பை வைத்து, குழவியால் லேசாக ஒரு தட்டு. நசுங்கவில்லை, பட்டென்று இரண்டாகப் பிளந்தது. பிளந்த முகம் கண்ணாடி மாதிரி வழவழவென்று, மூலை செங்கல் மூலை மாதிரி நேராக இருந்தது. தட்டியதில் ஒரு வரிசை அயனிகள் ஒரு இடம் நகர்ந்தால் போதும், நேர்மின்னுக்கு எதிரே நேர்மின் வந்து நிற்கும். இதுவரை இழுத்துக்கொண்டிருந்த வரிசைகள் அந்த நொடியே ஒன்றையொன்று தள்ளிவிடும். ஆணியை அடித்தால் வளையும், உப்பு உடைவது இதனால்தான். அதே உப்பை உருக்க வேண்டுமென்றால் 801 டிகிரி செல்சியஸ் வேண்டும், பிடி அவ்வளவு.

நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவள் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"இப்ப வாய்க்குள்ள சோடியம் தனி, குளோரைடு தனியா பிரிஞ்சிருச்சா சார்?"

பிரிந்துவிட்டது என்றேன்.