அனோரெக்ஸியா நோயாளிக்கு முதல் நாளே வயிறு நிறையச் சாப்பாடு கொடுக்காதது ஏன்?
எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்க வைக்கும் மனநோய்தான் அனோரெக்ஸியா. அதனால் எலும்பும் தோலுமாக ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவருக்கு நர்ஸ் அளந்து அளந்து கொடுத்தால் வீட்டாருக்குக் கோபம் வரும்தான். ஆனால் நீண்ட நாள் பட்டினி கிடந்த உடலுக்குள் திடீரென மாவுச்சத்து போனால் இன்சுலின் ஏறும். ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகிய தாது உப்புகள் செல்களுக்குள் இழுக்கப்பட்டு, ரத்தத்தில் குறைந்துவிடும். இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். இரண்டாம் உலகப் போரில் பட்டினியிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர் சாப்பிட்ட பிறகு இறந்ததும் இதனால்தான்.

அதனால் முதலில் தயாமின் (வைட்டமின் பி1), அடிக்கடி ரத்தப் பரிசோதனை, நாடித்துடிப்பு, கால் வீக்கம் பார்ப்பது, அப்புறம் படிப்படியாகச் சாப்பாடு. ரொம்பக் குறைத்துக் கொடுப்பதும் ஆபத்துதான்.

சாப்பிட்டு முடித்த பிறகும் நர்ஸ் கொஞ்ச நேரம் கூடவே இருப்பார். வாந்தி எடுக்காமல் தடுக்க மட்டுமல்ல. குற்ற உணர்வு அதிகமாக வாட்டும் நேரம் அது. எடை, கலோரி தவிர வேறு எதையாவது பேசுவார். நீங்களும், "கொஞ்சம் பூசினாப்ல இருக்கியே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.