வாசகர் கேள்வி-பதில்: மீரா எங்கே போனது?

கேள்வி: திமிங்கில மண்டலத்தில் 'மீரா' என்று விண்மீன் வரைபடத்தில் பெரிய புள்ளியாகப் போட்டிருக்கிறார்கள். மொட்டைமாடியில் நின்று அதே இடத்தைப் பார்த்தால் வெறும் இருட்டு. வரைபடம் தப்பா, என் கண் தப்பா? (வாசகி, திருச்சி)

இரண்டுமே தப்பில்லை. மீரா ஒளி மாறும் விண்மீன். சுமார் 332 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. உச்சத்தில் அதன் பொலிவு எண் பெரும்பாலும் 3.5-ஐ ஒட்டி இருக்கும், அப்போது வெறுங்கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அடிமட்டத்தில் 9-க்குப் போய்விடும். பொலிவு எண் கூடக்கூட ஒளி குறைவு என்று அர்த்தம். நல்ல இருட்டிலேயே வெறுங்கண் 6 வரைதான் பிடிக்கும். ஆக 332 நாளில் பாதிக்கு மேல் அது கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் பார்த்தது அந்தக் காலமாக இருக்கும்.

இடம் சரிதானா என்று உறுதிசெய்ய வழி இருக்கிறது. டிசம்பர் நடுவில் இரவு ஒன்பது மணிவாக்கில் கார்த்திகைக் கூட்டத்தைப் பிடியுங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. கார்த்திகையிலிருந்து தெற்கே, சற்று மேற்காக, இரண்டு முஷ்டிக்குக் கொஞ்சம் கூடுதலாக இறங்கினால் மென்கர் என்ற விண்மீன் (பொலிவு எண் 2.5). அதற்கு மேற்கே மூன்று விரல் அகலத்தில் காமா செட்டி, அதாவது திமிங்கில மண்டலத்தின் காமா விண்மீன் (3.5). காமாவுக்குக் கீழே தெற்கில் இரண்டு விரல் தள்ளி டெல்ட்டா செட்டி (4.1). டெல்ட்டாவிலிருந்து தென்மேற்கே மூன்று விரலுக்குச் சற்று மேல் போனால் மீராவின் இடம். அந்த நேரத்தில் அது தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட தலைக்கு மேலே, உச்சியிலிருந்து 15 டிகிரி போலத் தெற்கே இருக்கும்.

நம் ஊரில் ஒரு தொல்லை உண்டு. மாலை வானில் அது நன்றாக ஏறும் மாதங்கள்தான் வடகிழக்குப் பருவமழை மாதங்கள். ஜனவரி, பிப்ரவரியை நம்புவது நல்லது. மார்ச் கடைசிக்குள் மேற்கே மங்கலில் போய்விடும். ஏப்ரல் கடைசியில் சூரியனோடு சேர்ந்து நிற்கும். ஜூன் பிற்பாதியில் விடியலுக்கு முன் கிழக்கில் மறுபடி பிடிக்கலாம்.

கேள்வி: அடுத்த உச்சம் எப்போது என்று நாமே கணக்கிட முடியுமா? (வாசகர், ஈரோடு)

முடியும். தெரிந்த ஓர் உச்ச நாளோடு 332-ஐக் கூட்டுங்கள். வருடத்துக்கு 33 நாள் குறைவு என்பதால் உச்சம் ஆண்டுதோறும் ஒரு மாதம் போல முன்னால் நகரும். 332-ஐப் பதினொன்றால் பெருக்கினால் 3,652, அதாவது சரியாகப் பத்து வருடம். எனவே பத்து வருடத்துக்கு முந்தைய உச்சம் எந்த மாதத்திலோ, இப்போதும் ஏறக்குறைய அதே மாதத்தில் வரும். நடுவில் சில வருடங்கள் உச்சம் சூரியனுக்குப் பின்னால் சிக்கி வீணாகும்.

இந்தக் கணக்கைப் பஞ்சாங்கம் மாதிரி நம்பக்கூடாது. ஒரு சுற்று இரண்டு வாரம் முன்னே பின்னே ஆகலாம். உச்சத்தின் பொலிவும் ஒன்றுபோல் இருக்காது. சில சுற்றில் 2-ஐ நெருங்கும், சில சுற்றில் 5-ஐவிடப் பிரகாசமாகவே ஆகாது. ஏற்றம் வேகமாக, நான்கு மாதத்துக்குள் முடிந்துவிடும்; இறக்கம் ஆறேழு மாதம் இழுக்கும். ஆகவே கணக்கிட்ட நாளுக்கு இரண்டு மாதம் முன்பே பார்க்கத் தொடங்குங்கள். நேற்றுவரை காலியாக இருந்த இடத்தில் ஒரு மீன் துளிர்ப்பதைக் கண்ணால் பிடிப்பதுதான் மீராவில் கிடைக்கும் பெரிய சந்தோஷம்.

கேள்வி: பொலிவைக் கண்ணாலேயே அளக்கலாம் என்கிறார்கள். கருவி இல்லாமல் 3.9, 4.2 என்று தசமத்தில் சொல்வது எப்படி? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

அளப்பது கண், அளவுகோல் பக்கத்து விண்மீன்கள். மீராவைவிடச் சற்றுப் பிரகாசமான ஒன்று, சற்று மங்கலான ஒன்று, இரண்டையும் தேர்ந்தெடுத்து நடுவில் மீரா எங்கே நிற்கிறது என்று பாகம் பிரிக்க வேண்டும். உதாரணத்துக்கு காமா 3.5, டெல்ட்டா 4.1, இடைவெளி 0.6. அதை மூன்று பாகமாக்கி, காமாவிலிருந்து இரண்டு பாகம் டெல்ட்டா பக்கம் மீரா நிற்கிறது என்று தோன்றினால் 3.5 + 0.4 = 3.9. அவ்வளவுதான். பழகிய கண்ணுக்கு 0.1, 0.2-க்கு மேல் பிழை வராது.

பிழை வரும் இடங்கள் வேறு. முதலாவது, மீராவின் சிவப்பு. சிவப்பு மீனை வெறித்துப் பார்க்கப் பார்க்க அது கூடுதல் பிரகாசமாகத் தெரியும். பக்கத்தில் உள்ள வெள்ளை மீன் அப்படி ஏறாது. இருட்டுக்குப் பழகிய கண்ணில் சிவப்பையும் வெள்ளையையும் உணரும் செல்கள் வேறு வேறாக நடந்துகொள்வதால் வரும் கோளாறு இது. அதனால் ஓரிரு நொடி பார்த்துவிட்டுப் பார்வையை அடுத்த மீனுக்கு மாற்றுங்கள், திரும்ப வாருங்கள், நாலைந்து தடவை. பைனாகுலரில் பார்த்தால் ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்து, மீன்கள் சிறு வட்டங்களாகத் தெரியும்போது ஒப்பிடுங்கள். நிறம் உறுத்தாது.

இரண்டாவது, உயரம். அடிவானத்திலிருந்து 20 டிகிரியில் நிற்கும் மீன் உச்சியில் நிற்பதைவிட அரை எண் அளவுக்கு மங்கும். அதற்குக் கீழே மதிப்பிடாதீர்கள். ஒப்பீட்டு மீன்களும் ஏறக்குறைய அதே உயரத்தில் இருக்கட்டும். மூன்றாவது, மனசு. போன வாரம் 4.3 எழுதினோம், இப்போது 4.1 இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே மாடி ஏறினால் 4.1-தான் தெரியும். பழைய நோட்டைப் புரட்டாமல் பாருங்கள், எழுதியபின் புரட்டுங்கள்.

கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடம் தேவை. டார்ச்சின் கண்ணாடியில் சிவப்பு ஜெலட்டின் தாள் இரண்டு மடிப்பு ஒட்டுங்கள். செல்போனைத் தொடாதீர்கள். வாரம் ஒரு பதிவு போதும். தினமும் பார்த்தால் மனசுதான் குறுக்கே வரும்.

பொலிவு 6-ஐவிட மங்கியபின் 10x50 பைனாகுலர் (பத்து மடங்கு பெரிதாக்கும், முகப்புக் கண்ணாடி 50 மி.மீ.) வேண்டும். அடிமட்டத்தில் ஒரு எச்சரிக்கை: மீராவுக்கு இரண்டு கலைத் தூரத்தில் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) 9-ஐ ஒட்டிய வேறொரு மீன் இருக்கிறது. அதை மீரா என்று எழுதிவிடுவது சாதாரணமாக நடக்கும் தப்பு. சிவந்தது எதுவோ அதுதான் மீரா.

கேள்வி: பதிவை எங்கே, எந்த வடிவத்தில் அனுப்புவது? (அதே மாணவர்)

1911-இல் அமெரிக்காவில் தொடங்கிய மாறும் விண்மீன் நோக்குநர் சங்கம், ஏ.ஏ.வி.எஸ்.ஓ., எந்த நாட்டுக்காரரிடமிருந்தும் பதிவு வாங்கிக்கொள்கிறது. அவர்களுடைய வரைபடத்தில் ஒப்பீட்டு மீனின் பொலிவு 35, 41 என்று புள்ளியில்லாமல் இருக்கும், 3.5, 4.1 என்று படிக்கவேண்டும். தசமப்புள்ளியை யாராவது விண்மீன் என்று நினைத்துவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு.

நேரத்தை ஜூலியன் நாளில், அதாவது மாதம், வருடம் என்று பிரிக்காமல் தொடர்ந்து எண்ணிக்கொண்டே போகும் நாள் எண்ணில் எழுதுவார்கள். அந்த நாள் கிரீன்விச் நண்பகலில், அதாவது நமக்கு மாலை 5.30-க்குப் பிறக்கிறது. ஆகவே நம் இரவு முழுவதும் ஒரே எண்ணில் அடங்கும், நள்ளிரவில் தேதி மாறும் குழப்பம் கிடையாது. 2026 ஜனவரி 1 இரவு 9.30 என்றால், 5.30-இலிருந்து 4 மணி நேரம். நான்கை 24-ஆல் வகுத்தால் 0.167. அன்று மாலை பிறக்கும் ஜூலியன் நாளின் எண் 2461042; ஆகவே எழுதவேண்டியது 2461042.167. கூடவே எந்த இரண்டு மீன்களோடு ஒப்பிட்டீர்கள், நிலவு இருந்ததா, மூட்டம் இருந்ததா என்பதையும் குறியுங்கள். ஒப்பீட்டு மீன்களைக் குறிக்காத பதிவைப் பின்னால் யாராலும் சரிபார்க்க முடியாது.

கேள்வி: திருவாதிரையும் இப்படித்தானே மங்கியது? (வாசகர், யாழ்ப்பாணம்)

இரண்டும் சிவப்புதான், ஜாதி வேறு. திருவாதிரை சூரியனைவிடப் பத்து மடங்குக்கும் மேல் எடையுள்ள பெரும்பூதம். 2020 பிப்ரவரியில் அது 1.6 வரை மங்கியதற்கு, அது கக்கிய வாயு குளிர்ந்து உண்டான தூசு மேகம் காரணம். மீராவோ சூரியனை ஒத்த எடை கொண்டது. மையத்து ஹைட்ரஜன் தீர்ந்து, உப்பி, இப்போது சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதை வரை எட்டும் அளவுக்குப் பெருத்திருக்கிறது. அது ஒழுங்காக விரிந்து சுருங்குகிறது, அதனால்தான் 332 நாள் கணக்கு.

கண்ணுக்கு 9-க்கும் 3-க்கும் நடுவே சுமார் 250 மடங்கு வித்தியாசம். ஆனால் அகச்சிவப்பையும் சேர்த்து மொத்தமாக அளந்தால் அது வெளிவிடும் ஆற்றல் இரண்டு மூன்று மடங்கே மாறுகிறது. மிச்சத்தைச் செய்வது டைட்டானியம் ஆக்ஸைடு. விண்மீன் குளிரும்போது அதன் மேலடுக்கில் இந்த மூலக்கூறு பெருகி, நம் கண்ணுக்குரிய ஒளியை விழுங்கிவிடுகிறது. அடுப்பு எரிந்துகொண்டேதான் இருக்கிறது, குறுக்கே திரை விழுகிறது.

கேள்வி: இதை முதலில் கண்டவர் யார்? தமிழ்நாட்டில் யாராவது இத்துறையில் உழைத்தார்களா? (ஆசிரியை, மதுரை)

1596 ஆகஸ்டில் ஜெர்மனியின் கிழக்கு ஃபிரீசியாவில் டேவிட் ஃபாப்ரிசியஸ் என்ற பாதிரியார் இதைப் பார்த்தார். சில வாரங்களில் மறைந்ததால் புதுமீன் என்று விட்டுவிட்டார். 1609-இல் அது திரும்ப வந்தது. 1638-இல் ஹாலந்துக்காரர் ஹோல்வார்டா 11 மாதச் சுற்றைக் கண்டறிந்தார். 1662-இல் வானியலாளர் ஹெவேலியஸ் 'வியப்புக்குரியது' என்ற பொருளில் மீரா என்று பெயர் வைத்தார்.

தமிழ்நாட்டுத் தொடர்பு நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. நாம் மேலே பயன்படுத்திய பொலிவு எண்ணுக்கு, ஐந்து படி என்றால் நூறு மடங்கு, ஒரு படி என்றால் 2.512 மடங்கு என்ற கணக்கை 1856-இல் முன்வைத்த நார்மன் போக்சன் பிறகு சென்னை வான்நோக்ககத்தின் தலைவராக வந்து, 1891-இல் இறக்கும்வரை இங்கேயே பணியாற்றினார். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தார். அதுவும் மீரா வகைதான், சுற்று சுமார் 278 நாள். சென்னையிலிருந்து பார்த்தால் தெற்கு அடிவானத்திலிருந்து 14 டிகிரிக்கு மேல் ஏறாது. உச்சத்தில் இருக்கும்போதுகூடப் பைனாகுலர் வேண்டும். கன்னியாகுமரிக் கடற்கரை ஆசிரியர்களுக்கு இன்னும் ஐந்து டிகிரி உயரம் கூடக் கிடைக்கும். ஜனவரி முன்னிரவில் மாணவர்களை அழைத்துப் போய்க் காட்டலாம்.