மூச்ச இழுக்கறது இருக்கட்டும், மொதல்ல முழுசா விடுங்க

(வாசகர் கேள்வி பதில். குன்னூர்ல பிசியோதெரபிஸ்டா இருக்கறதால என்கிட்ட தினமும் கேக்குற கேள்விங்கதான் இதெல்லாம்)

கேள்வி: மேட்டுப்பாளையத்துல இருந்தப்ப தினமும் 5 கிலோமீட்டர் ஓடுவேன். போன மாசம் வேலை மாத்தலாகி ஊட்டி வந்தேன், இங்க 2 கிலோமீட்டர் ஓடறதுக்குள்ள நாக்கு தள்ளுது. மலை மேல ஆக்சிஜன் கம்மின்னு சொல்றாங்களே, உண்மையா, இல்ல எனக்குத்தான் ஏதாவது பிரச்சனையா? – வாசகர், ஊட்டி

பதில்: பஸ்ல மேல வர்றப்ப கையில சிப்ஸ் பாக்கெட் இருந்திருந்தா கவனிச்சிருப்பீங்க, குன்னூர் தாண்டறதுக்குள்ள பலூன் மாதிரி உப்பி நிக்கும். உள்ள காத்து அதே அளவுதான், வெளிய அமுக்குற அழுத்தம் கொறஞ்சு போச்சு, அவ்ளோதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கடலோரத்துல இருக்குற காத்தழுத்தத்துல கிட்டத்தட்ட முக்கால் பங்குதான் இங்க. காத்துல ஆக்சிஜன் பங்கு மேலயும் 21 சதவீதம்தான் கீழயும் 21 சதவீதம்தான், ஆனா காத்தே லேசா இருக்கறதால ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ள போற ஆக்சிஜன் கம்மி. அத ஈடுகட்ட மூச்சும் வேகமாகும், நெஞ்சும் வேகமா அடிக்கும். சில வாரத்துல ஒடம்பு ரத்தத்துல ஆக்சிஜன சுமக்குற செவப்பணுவ கூட்டிக்கும், கிட்னிதான் அத தயாரிக்கிற எலும்பு மஜ்ஜைக்கு ஆள் அனுப்புது. அதுவரைக்கும் கீழ ஓடுன வேகத்த மறந்துடுங்க. ஓடிட்டே ஒரு முழு வாக்கியம் பேச முடியணும், முடியலன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். நெஞ்சு வலியோ தல சுத்தலோ இருந்தா மட்டும் காத்து மேல பழிய போடாம டாக்டர பாருங்க.

கேள்வி: அக்கா, எங்கம்மாவுக்கு 56 வயசு, எஸ்டேட்ல கொழுந்து பறிக்கறாங்க. தேயிலை மூட்டையோட மேட்டுல ஏறுறப்ப ரொம்ப மூச்சு வாங்குது. நல்லா இழுத்து மூச்சு விடுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, அப்படி செஞ்சா இன்னும் ஜாஸ்தியாகுதுன்னு அழறாங்க. – வாசகி, கோத்தகிரி

பதில்: அம்மா சொல்றது சரிதாம்மா. அவங்க ஏறி வந்து நிக்கிறப்ப தோள்பட்டைய பாருங்க. காதுகிட்ட வரைக்கும் ஏறியிருக்கும், கழுத்து நரம்பு பொடச்சிட்டு இருக்கும், வயிறு மட்டும் அசையவே அசையாது. என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப்பேர் இப்படித்தான் உக்காந்திருப்பாங்க.

நுரையீரலுக்கு தானா விரியறதுக்கு தசை கெடையாது. நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல கொடை மாதிரி ஒரு தசை இருக்கு, டயாஃப்ரம், அது கீழ இறங்குனா உள்ள எடம் கூடும், காத்து தானா வந்து நெறயும். நாம இழுக்கறதே இல்ல, எடம் குடுக்கறோம். ஆனா பழைய காத்து வெளிய போகாம எடம் எங்க இருந்து வரும்? மூச்சு முட்டுறப்ப மேல மேல இழுத்தா நெறஞ்ச கொடத்துல தண்ணி ஊத்துற கதைதான். அதுலயும் மூச்சு திணறுற உணர்வே பெரும்பாலும் ஆக்சிஜன் கொறஞ்சதால வர்றதில்ல, கார்பன் டை ஆக்சைடு ரத்தத்துல சேந்ததாலதான் மூளை மணி அடிக்குது, நாம வெளிய விடுற காத்துல கூட இன்னும் 16 சதவீதம் ஆக்சிஜன் இருக்கு.

ஒரு சின்ன கணக்கு சொல்றேன். சும்மா இருக்கறப்ப ஒரு மூச்சு சுமார் 500 மில்லி, அதுல 150 மில்லி மூக்கு தொண்ட கொழாய்லயே நின்னுடும், ரத்தத்தோட சேராது. நிமிஷத்துக்கு 15 மூச்சுன்னா 350 மில்லி வீதம் 5 லிட்டருக்கு மேல உபயோகமா போகுது. அதையே பதட்டத்துல 250 மில்லி வீதம் 30 மூச்சா விட்டா, மொத்த காத்து ரெண்டுலயும் ஒண்ணுதான், ஏழரை லிட்டர், ஆனா உபயோகமா போறது 3 லிட்டர் மட்டும். அம்மா அவ்ளோ வேகமா மூச்சு வாங்கியும் பத்தலன்னு தோணறதுக்கு இதுதான் காரணம். நம்ம பேச்சுலயே மூச்சு விடுறதுன்னுதான சொல்றோம், பிராணாயாமத்துலயும் பூரகத்தவிட, அதாவது இழுக்கறதவிட, ரேசகம், அதாவது வெளிய விடுறது, ரெண்டு மடங்குன்னு வெச்சிருக்காங்க, அத அப்படியே புடிச்சுக்கோங்க.

செய்ய வேண்டியது இது. ஏறுறப்ப மூக்கால இழுத்துட்டே 2 அடி எடுத்து வெக்கணும், உதட்ட விசில் அடிக்கிற மாதிரி குவிச்சு மெதுவா விட்டுட்டே 4 அடி. உதட்ட குவிச்சா உள்ள சின்ன கொழாய்ங்க மூடிக்காம தெறந்தே இருக்கும், அடைபட்ட காத்து வெளிய வந்துடும். 4 அடி முடியலன்னா நடைய கொறைக்கணும், மூச்ச அவசரப்படுத்தக் கூடாது. நிக்கிறப்ப மூட்டைய எறக்கிட்டு, மதில் மேல ரெண்டு கைய ஊனி கொஞ்சம் முன்னால சாஞ்சு தோள தளர விடணும். ராத்திரி படுத்துட்டு வயித்து மேல கைய வெச்சு, மூச்சு உள்ள வர்றப்ப கை ஏறுதான்னு பாத்து பாத்து பழகட்டும், பத்து நிமிஷம் போதும்.

ஆனா இது மட்டும் போதும்னு விட்றாதீங்க, தயவுசெஞ்சு ஒரு தடவ ரத்தத்துல ஹீமோகுளோபின் பாருங்க. ரத்தசோகை இருந்தா எவ்ளோ நல்லா மூச்சு விட்டாலும் ஆக்சிஜன எடுத்துட்டு போக ஆள் பத்தாது. கால் வீக்கம், மல்லாந்து படுத்தா மூச்சு முட்டறது, நெஞ்ச அழுத்தறதுன்னு எது இருந்தாலும் இசிஜி எடுக்கணும், ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா சளி டெஸ்ட். வீட்ல விறகடுப்பா? அந்தப் பொகையும் பீடிப் பொகை மாதிரிதான் வருஷக்கணக்குல நுரையீரல கெடுக்கும், அத கண்டிப்பா டாக்டர்கிட்ட சொல்லுங்க.

கேள்வி: பையனுக்கு 13 வயசு, காலைல பனியில புட்பால் ப்ராக்டிஸ். ஆடி முடிச்சதும் இருமலும் விசில் சத்தமும் வருது. வாய தெறக்காம மூக்காலயே மூச்சு விடச் சொல்றாங்க, சரியா? – வாசகர், கூடலூர்

பதில்: மெதுவா ஓடறப்ப சரி. மூக்கு காத்த சூடாக்கி ஈரமாக்கி தூச வடிகட்டி அனுப்புது. ஆனா சும்மா இருக்கறப்ப நிமிஷத்துக்கு 7 லிட்டர் வாங்கற ஒடம்பு, பயிற்சி உள்ள பெரியவங்க முழு வேகத்துல ஓடறப்ப 100 லிட்டர தாண்டும், அதுக்கு மூக்கு பத்தவே பத்தாது, வாய் தெறக்கறது தப்பில்ல. ஆடி முடிச்சப்புறம் வர்ற விசில்தான் எனக்கு கவலை. வறண்ட குளிர் காத்து பட்டு மூச்சுக்கொழாய் சுருங்கற ஆஸ்துமாவா இருக்கலாம். 15 நிமிஷம் நல்லா வார்ம் அப் பண்ணட்டும், வாய் மேல மப்ளர் சுத்திக்கட்டும், டாக்டர்கிட்ட காட்டுங்க. இன்ஹேலர் எழுதி குடுத்தா பழக்கமாயிடும்னு பயந்து ஒளிச்சு வெக்காதீங்க, மாத்திரையவிட ரொம்ப கம்மி மருந்து நேரா நுரையீரலுக்கே போகுது, அவ்ளோதான்.

கேள்வி: குளிருக்கு ரூம்ல கரி அடுப்பு வெச்சு கதவ சாத்திட்டு தூங்கறோம். காலைல எல்லாருக்கும் தலவலி. பாட்டிக்கு மூச்சுப் பயிற்சி ஏதாவது சொல்லுங்க. – வாசகி, கொடைக்கானல்

பதில்: பயிற்சி எதுவும் வேணாம், அடுப்ப இன்னைக்கே வெளிய எடுங்க. மூடுன ரூம்ல கரி எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும், வாசன இல்ல, நெறம் இல்ல, ரத்தத்துல ஆக்சிஜனவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் அப்பவும் 98னு நல்லாத்தான் காட்டும், அத நம்பாதீங்க. ஜன்னல ஒரு இஞ்ச் தெறந்து வெச்சிருக்கோம்னு சொல்றதும் பாதுகாப்பு இல்ல. தலவலியோட வாந்தியோ மயக்கமோ வந்தா எல்லாரையும் வெளிக்காத்துக்கு இழுத்துட்டு வந்து 108க்கு போன் பண்ணணும். பாட்டிக்கு இன்னொரு கம்பளிய சேத்து போத்தி, சுடுதண்ணி பைய துணில சுத்தி கால் பக்கம் வெச்சு விடுங்க.