பி.எட். சேர்வதற்கு முன் ஆணையைக் கேட்டுப் படியுங்கள்

ஐயா, வணக்கம். "நாக் 'ஏ' கிரேடு கல்லூரி, வாரம் ஒருநாள் வந்தால் போதும்" என்று சொல்லி ஒரு பி.எட். கல்லூரியில் முன்பணம் கேட்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். மகள் பி.எஸ்சி. கணிதம் முடித்தவர், அரசுப் பள்ளி வேலைதான் லட்சியம் என்கிறீர்கள். அப்படியென்றால் கிரேடுக்கு முன்னால் என்சிடிஇ அங்கீகாரத்தைப் பாருங்கள்.

நாக் என்பது கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு; அது தருவது தர மதிப்பீடு மட்டுமே. பி.எட். நடத்தவே அனுமதி தருவது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அதாவது என்சிடிஇ. அதன் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கீகாரம் ரத்தான பிறகும் நடத்தப்படும் படிப்பில் வாங்கிய பட்டம் அரசுப் பணிக்கோ உதவிபெறும் பள்ளிப் பணிக்கோ செல்லாது. கல்லூரியின் நாக் கிரேடு எவ்வளவு உயர்ந்ததானாலும் இதை ஈடுகட்டாது.

ஆகவே அங்கீகார ஆணையின் நகலைக் கேளுங்கள். அதில் கல்லூரியின் பெயர், முகவரி, படிப்பு, எத்தனை இடங்கள் என்று இருக்கும். இடங்களை யூனிட் கணக்கில் சொல்வார்கள்; ஒரு யூனிட் என்றால் 50 மாணவர்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கான டி.எல்.எட். பட்டயப் படிப்புக்கு வாங்கிய ஆணையைக் காட்டி பி.எட். சேர்க்கை நடத்தினால் ஏற்காதீர்கள். தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பு நடப்பில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது அந்த 'வாரம் ஒருநாள்' பேச்சுதான். என்சிடிஇயின் 2014 விதிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டு ஆண்டாக்கியதே, பள்ளியில் நின்று பழக நேரம் வேண்டும் என்பதால். 20 வாரம் பள்ளிப் பயிற்சி, அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். வகுப்புக்கு 80 சதவீத வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம். ஒன்பதாம் வகுப்பில் பின்வரிசைப் பிள்ளைக்குக் காரணிப்படுத்தல் ஏன் புரியவில்லை என்பதை மகள் அங்கேதான் கண்டுபிடிக்க முடியும். யாரோ எழுதிய பாடத்திட்ட நோட்டைப் பார்த்து எழுதிக் கையெழுத்து வாங்குகிற கல்லூரியில் அது கிடைக்காது.

அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண்களிடம் மகளையே பேசச் சொல்லுங்கள். எந்தப் பள்ளிக்குப் போனார்கள், எத்தனை வாரம், எந்தப் பேராசிரியர் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்தார் என்று கேட்கட்டும். பதில் சட்டென வராவிட்டால் அந்தக் கல்லூரி வேண்டாம்.

அரசு, அரசு உதவிபெறும் கல்வியியல் கல்லூரிகளுக்கான கலந்தாய்வுக்கு மகள் விண்ணப்பித்தாரா? இல்லையென்றால் முதலில் அந்த அறிவிப்பைப் பாருங்கள். அதற்குள் யாருக்கும் முன்பணம் கட்டிவிடாதீர்கள்.