சாப்பாட்டு நேரத்துச் சண்டையும் மகனின் வயிற்று வலியும்

கேள்வி: மகனுக்கு 15 வயது, உயர்நிலை 3 படிக்கிறான். சிங்கப்பூரில், ஈசூனில் நாலறை வீடு. வீட்டுக் கடன், மாமியாரின் மருத்துவச் செலவு என்று இரவானால் எனக்கும் கணவருக்கும் வாக்குவாதம். மகன் தட்டோடு அறைக்குள் போய்விடுகிறான். பாதிச் சோறு குப்பைக்குத்தான். நடுராத்திரியில் இன்ஸ்டன்ட் நூடுல்ஸ். காலையில் வயிறு வலிக்கிறது என்கிறான். சனி, ஞாயிறில் வலி இல்லை. நடிக்கிறானா? பசிக்கு டானிக் தரலாமா?

பதில்: நடிப்பு என்று நினைக்க வேண்டாம். டானிக்கும் தேவையில்லை.

குரல்கள் உயர்ந்ததும் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கும், இரைப்பை வேலையைக் குறைத்துக்கொள்ளும். அப்போது எவ்வளவு நல்ல குழம்பு வைத்தாலும் சோறு இறங்காது. எல்லாம் ஓய்ந்த பிறகு, பதினொன்று பதினொன்றரைக்குப் பசி திரும்பும். கைக்கு எட்டுவது நூடுல்ஸ் பாக்கெட்தான். மசாலாத்தூளை முழுதும் கொட்டினால் ஒரு நாளைக்கான உப்பில் பெரும்பகுதி அதிலேயே முடிந்துவிடும். சாப்பிட்ட கையோடு படுத்தால் அமிலம் மேலேறும். ஒரு மணிக்குத் தூங்கி ஆறு மணிக்கு எழுந்தால் ஐந்து மணி நேரத் தூக்கம். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். காலையில் பசியில்லாமல் வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போகிறான். பதற்றமும் சேர்ந்தால் வலி வரத்தான் செய்யும். வார இறுதியில் தூக்கம் கூடுவதால் வலி குறையலாம். பள்ளியில் யாராவது தொல்லை கொடுக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

ஹெட்போன் போட்டிருக்கிறானே, காதில் விழாது என்று இருந்துவிடாதீர்கள். பல பிள்ளைகள் ஒரு காதில் மட்டும்தான் மாட்டியிருப்பார்கள்.

எனவே மாற்ற வேண்டியது சண்டையின் நேரத்தையும் இடத்தையும். இரவு 7 முதல் தூங்கும்வரை பணப் பேச்சே வேண்டாம். சனிக்கிழமை மகன் இணைப்பாட நடவடிக்கைக்குப் போகும்போது, பில்களை எடுத்துக்கொண்டு இருவரும் கீழே காப்பிக் கடையில் அரை மணி நேரம் உட்காருங்கள். நாலு பேர் முன்னால் குரல் தானாகவே இறங்கும். அப்படியும் வீட்டில் வாய் மீறினால் 20 நிமிடம் விலகியிருங்கள்; சூடு அடங்காமல் பேசினால் அதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள். பேசாமல் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிவதும் பிள்ளைக்குச் சண்டைதான். "அப்பாகிட்ட சொல்லு" என்று அவனைத் தூது அனுப்பவே கூடாது.

மறுநாள் அவனிடம், "நேற்று கடனைப் பற்றிப் பேசினோம். உன்னால் வந்தது இல்லை. இப்படிச் செய்யலாம் என்று முடிவெடுத்திருக்கிறோம்" என்று சொல்லுங்கள். சண்டையைப் பார்க்கும் பிள்ளை அது முடிந்ததையும் பார்க்க வேண்டும். இந்த ஒன்றைத்தான் பெரும்பாலான வீடுகளில் விட்டுவிடுகிறார்கள்.

சாப்பாட்டை எட்டு மணிக்குள் வையுங்கள். மதிப்பெண் பேச்சு வேண்டாம். பாதியில் எழுந்தால் வற்புறுத்தாமல், ஒன்பதரைக்கு ஒரு சிறு கிண்ணம் தயிர்ச்சோறோ வாழைப்பழமோ கொடுங்கள். நூடுல்ஸைப் பூட்டி வைப்பதால் பயனில்லை. மாமா கடை (சிறு மளிகைக் கடை) கீழேயே இருக்கிறது. காலையில் இட்லி இறங்காவிட்டால், முட்டை வைத்த ரொட்டியை இடைவேளைக்குக் கொடுத்தனுப்புங்கள். இரண்டு வாரம் தூங்கிய நேரம், வலி, முந்தைய இரவு சண்டை நடந்ததா என்று குறித்து வையுங்கள்.

எடை குறைந்தாலோ, அடிக்கடி வாந்தி எடுத்தாலோ, வலியால் தூக்கத்திலிருந்து விழித்தாலோ பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) கூட்டிப் போங்கள். கறுத்த மலம், வாந்தியில் ரத்தம், வலப்பக்க அடிவயிற்றில் கூடிக்கொண்டே போகும் வலி இருந்தால் உடனே அவசரப் பிரிவுக்கு. இரண்டு வாரத்துக்கு மேல் சோர்ந்தே இருந்தால் பள்ளி ஆலோசகரிடம் சொல்லுங்கள். கையில் கீறல் தெரிந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ 1771 (தேசிய மனநல உதவி எண்) அல்லது 1767 (தற்கொலைத் தடுப்பு உதவி எண்), எந்நேரமும் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் ஆம்புலன்சுக்கு 995. வீட்டில் கைநீட்டல் இருந்தால் வன்முறைத் தடுப்பு உதவி எண் 1800-777-0000.

உங்கள் இருவருக்கும் அருகிலுள்ள குடும்பச் சேவை நிலையம் உதவும். கணவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது முதலில் போங்கள்.