கறுப்பு வண்ணத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

கேள்வி: சிறையிலுள்ள இளைஞர்களுக்கு வாரம் ஒருமுறை ஓவிய வகுப்பு எடுக்க அழைத்திருக்கிறார்கள். 'ஆர்ட் தெரபி' (ஓவியம் வழியான மனநல சிகிச்சை) மாதிரி என்கிறார்கள். நானோ சாதாரண டிராயிங் டீச்சர். அவர்கள் வரைவதை வைத்து மனசைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியாது. அந்த முயற்சியே வேண்டாம். கறுப்பு பூசினால் சோகம், கத்தி வரைந்தால் கொலைவெறி என்று சொல்லும் பட்டியல்களைத் தூக்கிப் போடுங்கள். பக்கத்தில் இருப்பவன் கத்தி வரைந்தான் என்பதற்காகவும் ஒருவன் வரைவான்.

இந்த வகுப்புகளில் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். "எனக்கு வரைய வராது சார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதனால் பூவும் மலையும் போர்டில் போட்டுக் காட்டாதீர்கள். கண்ணை மூடிக் கிறுக்கச் சொல்லுங்கள்; அப்புறம் அதில் என்ன தெரிகிறதோ அதை வளர்க்கட்டும். அமெரிக்க ஓவிய ஆசிரியை ஃப்ளோரன்ஸ் கேன் பழக்கிய உத்தி இது. கிறுக்கலில் தப்பு கண்டுபிடிக்க யாராலும் முடியாதே!

ஒரு பையன் தாள் முழுக்கக் கறுப்பை அப்பினான். ஈரம் தாங்காமல் நடுவில் கிழிந்துவிட்டது. கசக்கி எறியப் போகிறான் என்றே நினைத்தேன். செல்லோ டேப் கேட்டான். பின்பக்கம் ஒட்டி, நீவிவிட்டு, மேலே மறுபடி பூசினான். நான் வாயே திறக்கவில்லை. 1950-களில் நியூயார்க் மாநிலத்தின் வில்ட்விக் பள்ளியில் முரட்டுப் பையன்களோடு வேலை செய்த ஆர்ட் தெரபி முன்னோடி ஈடித் கிராமர், படத்தை உருவாக்கும் வேலையே சிகிச்சை என்று வாதிட்டவர். கோபத்தை அடக்காமல், வேறொன்றாக மாற்றி முடிக்கும் பழக்கம் அது. உங்களைப் போன்ற ஆசிரியருக்கு அதுவே போதும். ஆழமாகத் தோண்டுவது பயிற்சி பெற்றவர் வேலை.

சிறைக்குள் பலவீனத்தைக் காட்டினால் மற்றவர்கள் ஏறி மிதிப்பார்கள். படத்தில் அழுகிற ஆளை வரைந்துவிட்டு, "அது நான் இல்ல, சும்மா யாரோ" என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்த வழியை அடைக்காதீர்கள். "இது நீதானே?" என்று கேட்டால் அடுத்த வாரம் வம்பில்லாத சூரிய உதயப் படம்தான் வரும். "இந்த ஆளைப் பற்றிச் சொல்லேன்" என்றால் போதும்.

கத்தரிக்கோல், பிளேடு வைத்த ஷார்ப்னர் எல்லாம் பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிடும். பென்சிலை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். ஒன்று குறைந்தால் மொத்த வகுப்புக்கும் சோதனை.

தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் எண்ணம் தெரிந்தால் அதிகாரிகளிடம் சொல்லியாக வேண்டும். அதைப் பையன்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மற்றபடி, படம் வரைந்தவனுக்குச் சொந்தம். அது வழக்குக் கோப்புக்குப் போகுமா என்று அதிகாரிகளிடம் இப்போதே கேளுங்கள். போகும் என்றால், வகுப்பை ஒப்புக்கொள்ள அவசரப்படாதீர்கள்.